ஒட்டுத் தகரத்தின் வரலாறு

யாழ்ப்பாணத்து மொரிஸ் மைனர்களைப் பற்றிக் கதைச்சா எல்லாரும் மண்ணெண்ணெயில்தான் தொடங்குவினம். உண்மைதான். 1990களின் பொருளாதாரத் தடைக்குள்ளே பெற்றோல் சில சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின கார்கள் அவை. ஆனால் எஞ்சின் கதையைச் சொல்லுற நாங்கள் தகரத்தின் கதையை மறந்துபோனம்.

1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த இந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இதுக்குத் தனிச் சேசி இல்லை. உடம்புத் தகரமே பாரம் தாங்கும். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுற தகரப் பெட்டி கறள் பிடிச்சா கார் நடு முறிஞ்ச மாதிரித் தொங்கும். அதுக்கு மேலே புட்டி அப்பிப் பெயின்ற் அடிக்கிறது சுத்த ஏமாற்று.

இப்ப பெடியள் வீட்டு முற்றத்தில் இதுகளைத் திருத்தீனம். நல்லது. வெட்ட முதல் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்ட் பண்ணுங்கோ. இல்லாட்டி உடம்பு விலகி, கதவு பிறகு சாத்தாது. குரோம் பம்பரை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாம், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. உள்ளே தடைக்காலத்து ஒட்டு ஏதும் கிடந்தால், எறிய முதல் படம் எடுங்கோ. எந்தத் தகரம், எப்படிப் பொருத்தினது, அடியில் என்ன நிறப் பெயின்ற் என்று எழுதி வையுங்கோ. ஒட்டினவர் உயிரோடு இருந்தால், அவரிட்டயும் ஒருக்காப் போய்க் கேளுங்கோ.