திரும்பி வர வேண்டிய கப்பல்

1974 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' தொடரை, தோற்ற படையின் பழம்பெருமைக் கனவு என்று ஒதுக்குவோர் உண்டு. சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கிறது. 46 சென்டிமீட்டர் பீரங்கிகள் கொண்ட அசல் யமாட்டோ, ஒகினாவாவை நோக்கிச் செல்லும் வழியில் 1945 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அந்தக் கப்பலைத்தான் 2199இல் விண்கலமாக எழுப்புகிறது கதை. ஆனால் இரண்டின் பணிப்பதிவையும் அருகருகே வைத்தால் வேறொன்று புலப்படும். அசல் கப்பலை அனுப்பியவர்கள் அது திரும்பும் என்று எதிர்பார்க்கவில்லை. ஏறக்குறைய 3,000 பேர் மாண்டார்கள். கற்பனைக் கலத்துக்கோ, 1,48,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள இஸ்கந்தார் கோளுக்குப் போய், பூமியின் கதிரியக்கத்தை அகற்றும் கருவியோடு ஓராண்டுக்குள் மீள வேண்டும் என்பதே கட்டளை. பீரங்கிகள் வெறும் வழித்துணை.

1978 திரைப்படத்தில் அதே கலம் தன்னையே பலியிட்டு எதிரியை அழிக்கிறதே என்று கேட்கலாம். வலுவான ஆட்சேபம்தான், தற்கொலைப் படையின் வாடை அதில் வீசுகிறது. என்றாலும் அதே ஆண்டு தொடங்கிய இரண்டாம் தொடர் அம்முடிவை மாற்றி, கலத்தையும் நாயகன் கோடாயையும் பிழைக்க வைத்தது. (அடுத்த படத்துக்குக் கப்பல் வேண்டுமே என்ற வணிகக் கணக்கும் இருந்திருக்கலாம்.) 1983 படத்தில் கலம் மறுபடி அழியும்போதுகூட, தலைவர் ஒகிடா மட்டுமே அதில் தங்குகிறார், மாலுமிகள் முன்னதாகவே இறக்கிவிடப்படுகிறார்கள்.