தலையும் தலைமையும்: புணேச் சந்தையிலிருந்து ஒரு சொல்வரலாறு

ஆங்கிலத்தின் ‘ஹெட்’ என்னும் பெயர்ச்சொல்லைப் பள்ளிப் பருவத்திலேயே கற்றுவிடுகிறோம். ‘தலை’ என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். அச்சொல் இந்தியாவில் எவ்வெச் சொற்களோடு கூடி வழங்கியது என்று தேடினால், அதன் வரலாற்றில் பெரும்பகுதி அந்த ஒற்றை வரிக்கு வெளியே இருப்பது புலப்படும். அச்சேர்க்கைகளுள் ஒன்று சட்டச் சொல்லாகிச் சுமைதூக்கும் தொழிலாளரின் கூலியையும் பாதுகாப்பையும் தீர்மானித்தது.

ஒரு சொல் வழக்கமாக எவற்றோடு சேர்ந்து வருகிறதோ அச்சேர்க்கையும் அதன் பொருளில் அடங்கும் என்னும் கருத்தை 1950களில் மொழியியலில் நிலைநிறுத்தியவர் ஜே. ஆர். ஃபர்த். லண்டனில் புகழ்பெறுவதற்கு முன், 1920களில், லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் அவர். அவருடைய அளவுகோலை ‘ஹெட்’ மீது வைத்துப் பார்ப்போம்.

ஹெட்மாஸ்டர், ஹெட்கிளார்க், ஹெட்கான்ஸ்டபிள் ஆகியவற்றில் அது அதிகாரத்தைக் குறிக்கிறது. மாடுகளை எண்ணும்போதும் ஆள்வரி விதிக்கும்போதும் அது எண்ணிக்கையின் அலகு. நம் ‘தலைக்கட்டு வரி’, ‘தலைக்கு இவ்வளவு’ என்பவற்றிலும் இப்பொருளே உள்ளது. ‘ஹெட்லோடு’ என்னும்போதோ அது பாரம் தாங்கும் உறுப்பு. ஆள்வது, எண்ணப்படுவது, சுமப்பது ஆகிய மூன்றையும் ஆங்கிலம் ஒரே வடிவத்தில் வைத்துக்கொண்டு, வேறுபடுத்தும் பொறுப்பைப் பக்கத்துச் சொல்லிடம் விட்டுவிடுகிறது.

தமிழ் இவ்வேறுபாட்டை ஒரு விகுதியால் காட்டுகிறது. ஹெட்மாஸ்டர் ‘தலைமையாசிரியர்’ ஆனார், ‘தலையாசிரியர்’ ஆகவில்லை. ஹெட்லோடு ‘தலைச்சுமை’ ஆயிற்று. அதைத் ‘தலைமைச்சுமை’ என்று எவரும் சொல்லார். மராத்தி இன்னும் ஒருபடி மேலே சென்று உறுப்பையே மாற்றிக்கொண்டது. தலைமையாசிரியர் அங்கே ‘முக்யாத்யாபக்’. அதன் வேர் முகம். சுமப்பவர் ‘மாத்தாடி’, அதன் வேர் ‘மாத்தா’, அதாவது தலை. பேச்சுத் தமிழில் ஹெட்கான்ஸ்டபிள் ‘ஏட்டு’ ஆனபோது துணைச்சொல் உதிர்ந்து, அடைமொழியே பதவி முழுவதையும் ஏந்திக்கொண்டது. ‘ஏட்டையா’ என்று அழைப்பவர்க்கு அதில் தலை என்னும் பொருள் நினைவுக்கு வருவதில்லை.

புணேயின் மொத்த வணிகச் சந்தைகளில் மூட்டை தூக்குவோர்க்கு வழங்கும் மற்றொரு பெயர் ‘ஹமால்’. சுமத்தலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்த சொல் அது. மேற்கிந்தியாவில் பல்லக்குச் சுமந்தோரையும் குறித்தது. 1950களின் நடுவில் பாபா ஆடாவ் இத்தொழிலாளரைத் திரட்டி ‘ஹமால் பஞ்சாயத்து’ என்னும் சங்கத்தைப் புணேயில் அமைத்தார். மும்பையில் அண்ணாசாகேப் பாட்டீல் மாத்தாடித் தொழிலாளரை ஒன்றுசேர்த்தார். இவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு சட்டத்தின் சொல்லமைப்பிலேயே இருந்தது. ஒரே நாளில் பல கடைகளுக்குச் சுமக்கும் ஒருவருக்கு ‘முதலாளி’ யார்? தொழிலாளர் சட்டங்கள் அந்த உறவை முன்நிபந்தனையாகக் கொண்டிருந்தமையால், சுமப்பவர் அவற்றின் எல்லைக்கு வெளியே நின்றார்.

1969இல் மகாராட்டிரம் இயற்றிய சட்டத்தின் தலைப்பு ‘மாத்தாடி, ஹமால் மற்றும் பிற உடலுழைப்புத் தொழிலாளர்’ என்று அமைந்தது. ஆங்கில மூலத்தில் உடலுழைப்பைக் குறிக்கும் ‘மேனுவல்’ என்பதன் இலத்தீன் வேர் ‘கை’ என்று பொருள்படும். ஆக, ஒரே தலைப்பில் தலை, சுமை, கை ஆகிய மூன்றும் மூன்று மொழிவழிகளில் வந்து கூடின. எந்த முதலாளியிடமும் நேரடி வேலையில் இல்லாதவரையும் அச்சட்டம் தொழிலாளர் என ஏற்றது. அரசு, வணிகர், தொழிலாளர் ஆகிய முத்தரப்பு வாரியங்கள் அதன்கீழ் உருவாயின. அதன் அட்டவணையில் ஏற்றுதல், இறக்குதல் மட்டுமன்றி, எடைபோடுதல், மூட்டை தைத்தல், தரம் பிரித்தல் போன்ற பணிகளும் உள்ளன. தலையில் எதையும் வைக்காதவரும் மாத்தாடிச் சட்டத்தின் பயனைப் பெற இடமுண்டாயிற்று.

கேரளத்தின் 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தில் ‘ஹெட்லோடு’ தொழிலாளர் சட்டம். ஆயினும் அதன் வரையறை தலையிலோ உடலிலோ தள்ளுவண்டியிலோ கொண்டுசெல்வதை உள்ளடக்கியது. மலையாள வழக்கில் அவர் ‘சுமட்டுத் தொழிலாளி’. அங்கே தலை மறைந்து சுமையே நிற்கிறது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ‘உடலுழைப்பு’ என்றது. நம் சந்தைகளோ ‘லோடுமேன்’ என்கின்றன. ஒரே உழைப்புக்குத் தலை, சுமை, உடல் என ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பெயரைத் தேர்ந்தது.

‘ஹெட்லோடு’ என்பதை உறுப்புப் பொருளில் மட்டும் கொள்பவர், தள்ளுவண்டி இழுப்பவரை வெளியே நிறுத்திவிடுவார். ‘மாத்தாடி’யை வேர்ச்சொல்லாகப் பிரித்துக் காட்டி நிறுத்திக்கொள்பவர், தராசருகே நிற்பவரை விட்டுவிடுவார். சொற்பிறப்பு ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும். அது இன்று யாரைத் தழுவுகிறது என்பதைச் சேர்க்கையும் வழக்குமே சொல்லும். கூலி கேட்டு நிற்பவர்க்கு இரண்டாவதே வாழ்வாதாரம்.

மொழியியல் மாணவர்களுக்கு இதற்கான கருவி அருகிலேயே இருக்கிறது. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ். வி. சாஸ்திரி உருவாக்கிய தரவகம், 1978ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய ஆங்கில எழுத்துகளிலிருந்து சுமார் 10 லட்சம் சொற்களைக் கொண்டது. அன்றாடப் பெயர்ச்சொல் ஒன்றை அதில் தேடி, அதன் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் நிரல்படுத்துங்கள். பிறகு அதே சொல்லைச் சட்டநூலிலும் சந்தையிலும் தேடுங்கள். மூன்று பட்டியல்களும் எங்கே ஒன்றோடொன்று பொருந்தவில்லையோ, ஆய்வு அங்கிருந்து தொடங்கலாம்.