புருவ மத்தியில் ஒரு துளி விஷம்

நெற்றிச் சுருக்கத்தைப் போக்க ஊசி போட்டுக் கொள்கிறார்கள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஊசியின் பூர்வ கதையைப் படித்ததும் சிரிப்பு அடங்கிற்று.

ஜெர்மனியில், வூர்ட்டம்பெர்க் ராஜ்யத்தில், குடலில் அடைத்த மாமிசம் கெட்டுப்போனது தெரியாமல் தின்றவர்கள் இமை தொங்கி, நாவறண்டு, மூச்சடைத்து மாண்டார்கள். ஜஸ்டினஸ் கெர்னர் என்ற வைத்தியர் (கவியுங்கூட, இல்லாவிட்டால் இந்தத் துணிச்சல் ஏது?) அந்த விஷச் சாற்றைத் தம் நாவிலேயே விட்டுப் பார்த்தார்! அடங்காத நரம்புத் துடிப்புக்கு இதுவே மருந்தாகலாமென்று 1822-ல் எழுதியும் வைத்தார்.

1987-ல் கனடாவில், வான்கூவர் நகரத்துக் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ் இமைத் துடிப்புக்கு அதே விஷத்தை அணுவளவு ஊசியில் ஏற்றி வந்தார். 'புருவ மத்தியில் ஏன் போடவில்லை?' என்று ஒரு நோயாளி அம்மாள் கோபித்துக் கொண்டாள். அங்கே போட்டால் முகத்தில் கவலைக் கோடே மறைந்துவிடுகிறதாம்!

2002-ல் அமெரிக்க அரசாங்கம் அனுமதி தந்தது. மூன்று நான்கு மாதத்தில் கோடு திரும்பி விடுகிறது, மறுபடியும் ஊசி.