முத்துக்குளித்துறையின் கயிறும் நம் பிள்ளைகளின் சுழியோட்டமும்



பேர்ண் மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுள் சிலர் நீச்சலோடு நின்றுவிடாது, காற்றுக் கலன் சுமந்து நீருக்கடியில் சுழியோடவும் கற்கின்றனர். 8 வயதுப் பிள்ளை தடாகத்தில் 2 மீற்றர் ஆழம் வரையும், 10 வயதுப் பிள்ளை ஏரியில் 12 மீற்றர் வரையும் இறங்கிப் பழகலாம் என்பது ‘பாடி’ எனும் அனைத்துலகப் பயிற்சி நிறுவனத்தின் விதி. இதனைக் கேட்கும் மூத்தோர், “முத்துக்குளித்த கரையின் பிள்ளைகள்தாமே, மூச்சை அடக்கப் பழகினால் போதும்” என்று பெருமையோடு கூறுவதுண்டு. அப்பெருமை நியாயமானது, அந்த அறிவுரையோ உயிருக்கு ஆபத்தானது.

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் நம் முன்னோர் காலில் கல்லைக் கட்டி, மூக்கை அடைத்து, ஒரே மூச்சில் கடலடிக்குச் சென்றனர். ஏறத்தாழ ஒரு நிமிடத்துள் சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைப்பர். படகில் இருப்பவர் இழுத்து மேலேற்றுவார். மேற்பரப்பில் உள்ளிழுத்த காற்று ஆழத்தில் சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்கே விரியும். ஆதலால் அடக்கிய மூச்சு அவர்களுடைய நுரையீரலைக் கிழிக்கவில்லை.

காற்றுக் கலனோடு இறங்கும் பிள்ளையின் நிலை வேறு. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும். அங்கே அப்பிள்ளை உள்ளிழுக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் வருகிறது. அம்மூச்சை அடக்கியவாறு மேலே வந்தால், அக்காற்று இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். எனவேதான், “ஒருபோதும் மூச்சை அடக்காதே” என்பது சுழியோட்டத்தின் முதல் விதியாகக் கற்பிக்கப்படுகிறது. முன்னோரை வாழவைத்த பழக்கம் பேரப்பிள்ளைக்கு எமனாகலாம்.

இவ்வறிவு வளர்ந்ததில் நாம் வாழும் இந்நாட்டுக்கும் பங்குண்டு. ஆழத்தில் நைதரசன் வாயு குருதியில் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது குமிழிகளாகி உடலை முடக்குகிறது. சூரிச் மருத்துவர் அல்பேர்ட் பூல்மன் இதனைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவரோடு இணைந்து செயற்பட்ட வின்டர்தூர் நகரின் ஹன்னெஸ் கெல்லர், 1961-இல் மஜோரே ஏரியில் 222 மீற்றர் ஆழம் சென்று மீண்டார். 1962 டிசம்பரில் கலிபோர்னியக் கரைக்கு அப்பால் 300 மீற்றர் வரை இறங்கினார். அம்முயற்சியில் உடன் சென்றவரும், காப்பாற்ற இறங்கிய இளைஞர் ஒருவரும் உயிரிழந்தனர். பூல்மனின் கணிப்பு முறை இன்று சுழியோடிகள் மணிக்கட்டில் அணியும் பல கணினிகளில் இயங்குகிறது. காற்றழுத்தம் குறைந்த மலைநாட்டு ஏரிகளுக்கும் அவர் அட்டவணைகள் வகுத்தார். கடல் மட்டத்திலிருந்து 558 மீற்றர் உயரத்திலுள்ள தூன் ஏரியில் இறங்கும் நம் பிள்ளைக்கும் அவ்வுழைப்பு காவலாகிறது.

முத்துக்குளித்தோருக்கு இத்தகைய காவல் எதுவும் இருக்கவில்லை. 1905-இல் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் ஏறத்தாழ 5,000 பேர் குளித்து, 8 கோடிக்கும் அதிகமான சிப்பிகளை எடுத்தனர். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குச் சென்றது. எஞ்சியதையே குளித்தவரும் கயிறு பிடித்தவரும் படகுக்காரரும் பகிர்ந்துகொண்டனர். நாம் பெருமை பேசும் அந்த மூச்சு, வறியவர் விற்ற மூச்சு என்பதை மறத்தல் தகாது.

ஆயின் அம்மக்களிடமிருந்து பிள்ளைகளுக்குக் கையளிக்க வேண்டியது ஒன்றுண்டு. குளிப்பவரின் கயிற்றை அவருடைய மைத்துனரே பிடிப்பார் என்பது கரையோர வழக்கு. தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் தொங்குகிறது என்று அறிந்தவர் கண்ணயர மாட்டார் அல்லவா? சுறாவை மந்திரத்தால் கட்டும் ‘கடல்கட்டி’ கரையில் இருந்தும், மேலே கயிறு பிடிப்பவர் இன்றி எவரும் இறங்கியதில்லை. இன்றைய பயிற்சியிலும் பிள்ளை தனித்து இறங்குவதில்லை. இணையாளின் கருவிகளைச் சரிபார்த்தல், கைச் சைகையால் நலம் வினவுதல், காற்றுத் தீர்ந்தவருக்குத் தன் காற்றைப் பகிர்தல் ஆகியன தொடக்கத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. அந்தப் பழைய கயிறு இவ்வாறு வடிவம் மாறி வாழ்கிறது.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் செபங்களைக் கற்பித்தார். கற்றதை வீட்டிலுள்ளோர்க்கும் அயலார்க்கும் சொல்லிக்கொடுக்குமாறு பணித்தார். பெற்றோர் பிள்ளைகளிடம் கற்றனர். அதனால் அவர்களுடைய மதிப்பு குறைந்துவிடவில்லை. நம் பிள்ளை தடாகத்திலிருந்து திரும்பி, “மூச்சை அடக்கக் கூடாது, தனியே இறங்கக் கூடாது” என்று சொல்லும்போது நாமும் செவிகொடுப்போம். பின்னர் கயிறு பிடித்த அந்த மைத்துனரின் கதையை அப்பிள்ளைக்குச் சொல்வோம்.

நீரின் ஆழங்களை உண்டாக்கிய இறைவன் நம் பிள்ளைகளைக் காப்பாராக. ஆமென்.