எதுக்களிப்பும் சிறுநீரகமும்: சில பழைய கணக்குகள்

எங்கள் சிவகிரிப் பக்கத்தில் நெஞ்செரிச்சலைக் குறிக்க இரண்டு சொற்கள் புழங்குகின்றன. ஒன்று, நெஞ்சு கரிப்பது. மற்றொன்று, எதுக்களிப்பது. உண்டது மேலேறி வந்து தொண்டையைச் சுட்டுவிட்டுப் போவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சொல் எந்த மருத்துவ நூலிலும் இருக்குமா என்பது சந்தேகமே. மேற்கே மலை, வயல், கரும்பு. தெற்கே சிறிது தொலைவில் எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடி. இப்படி ஓர் ஊரில் பிறந்தவனுக்குப் புளிப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. என் பெரியப்பாவின் திண்ணைப் பிறையில் எப்போதும் ஒரு தகர டப்பா இருக்கும். "ஏலே, அந்த சோடா உப்ப எடுத்துட்டு வா" என்று அவர் கேட்கும் நேரத்தை வைத்தே வீட்டில் சாப்பாடு முடிந்ததை அறிந்துகொள்ளலாம். பல ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்விதான் என்னைப் பழைய மருத்துவ வரலாற்றின் பக்கம் தள்ளியது.

வயிறும் சிறுநீரகமும் தனித்தனித் துறைகளாகப் பிரிவதற்கு முன் ஒரே மேசையில் இருந்தவை. லண்டன் மருத்துவர் வில்லியம் பிரௌட் சிறுநீரிலிருந்து யூரியாவைத் தூய்மையாகப் பிரித்து ஆராய்ந்தவர். அவரே 1823இல், இரைப்பையில் இருக்கும் அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் என்று நிறுவினார். 1840இல் வெளிவந்த அவரது நூற்பதிப்பு இரைப்பை நோய்களையும் சிறுநீர் நோய்களையும் ஒரே தலைப்பில் சேர்த்தே பேசியது. இடையில், 1827இல், ரிச்சர்ட் பிரைட் சிறுநீரக நோயின் முகத்தை முதன்முதலில் தெளிவாக வரைந்து காட்டினார். பிறகு துறைகள் பிரிந்தன. நோயாளியின் உடல் மட்டும் பிரியவில்லை.

தென்தமிழ் நாட்டுக்கு இந்தக் கதையில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நெய்யூர் மிஷன் மருத்துவமனை இருக்கிறது. 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவில் இருந்த அறுவை மருத்துவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், மலையை முடித்துவிட்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டு லண்டன் வாழ்க்கையை உதறிவிட்டு அங்கேயே வந்து சேர்ந்தார். (1924இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய், ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஏறக்குறைய இருபத்தெட்டாயிரம் அடி வரை ஏறினார் என்பது வேறு கதை. எனக்கு அதைவிட நெய்யூர்தான் பெரிய சிகரமாகத் தெரிகிறது.) அவர் மேசைக்கு வந்தவர்களில் முன்சிறுகுடல் புண்ணோடு வந்த ஏழை உழவர்கள் ஏராளம். ஐரோப்பிய மருத்துவமனைகளில் அவ்வளவு பேரை அவர் கண்டதில்லை. அந்த அனுபவத்தைத் தம் சகமருத்துவர் ஓருடன் சேர்ந்து 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன், திருவிதாங்கூர் ஏழைகளின் உணவை எலிகளுக்குக் கொடுத்து, அவற்றின் இரைப்பையில் புண் வருவதைக் காட்டினார். அதே ஆய்வுக்கூடத்தில் அவர் சத்துக் குறைந்த உணவால் எலிகளின் சிறுநீர்ப்பையில் கல் உண்டாவதையும் ஆராய்ந்திருக்கிறார் என்பதைப் படித்தபோது பிரௌட்டின் மேசை நினைவுக்கு வந்தது. அந்தப் புண்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கிருமி காரணம் என்பது 1982இல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் கண்டுபிடிக்கும் வரை தெரியவில்லை. அந்தக் கிருமி உயிர் பிழைப்பதே யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்தித்தான்.

அறுவைக்கு வழியில்லாதவர்கள் என்ன செய்தார்கள்? காரத்தைத் தின்றார்கள். சித்த மருத்துவம் இதைக் குன்மம் என்று அழைத்து எட்டு வகையாகப் பிரித்தது. சங்கு பற்பம், பலகரை பற்பம் ஆகியவற்றை நெய்யிலோ மோரிலோ கொடுத்தது. சங்கும் சோழியும் அடிப்படையில் சுண்ணாம்புச் சத்துதான். சிகாகோவில் பெர்ட்ரம் சிப்பி 1915இல் வகுத்த முறையும் அடிப்படையில் இதுவே: காலை ஏழு மணி முதல் மணிக்கொரு தடவை பாலும் பாலேடும், இடையிடையே சோடா உப்பு, சுண்ணாம்புத் தூள், மக்னீசியம் தூள். உலகெங்கும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் புண் நோயாளிகள் இப்படி வாழ்ந்தார்கள். 1923இலேயே ஹார்ட், ரிவர்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் எச்சரித்தார்கள். இந்தச் சிகிச்சையில் இருந்த சிலருக்குத் தலைவலி, குமட்டல், பாலைக் கண்டாலே வெறுப்பு, கூடவே சிறுநீரகக் கோளாறு. 1949இல் பர்னெட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆறு நோயாளிகளை விவரித்தார்கள். அவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு நிலைத்தே விட்டது. இரத்தத்தில் கால்சியம் ஏறும்போது சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உடலில் காரம் கூடும்போது சிறுநீரகம் கால்சியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைக்கிறது. ஒன்று மற்றதை வளர்க்கும் சுழல் அது. தைவானில் சிப்பிச் சுண்ணாம்பு தடவிய பாக்கை ஓயாமல் மென்ற ஒருவருக்கும் இதே நோய் வந்ததாக 1996இல் பதிவாகியிருக்கிறது. வெற்றிலைச் செல்லத்தோடு வளர்ந்தவர்கள் சற்று நிமிர்ந்து உட்காரலாம்.

வேடிக்கை என்னவென்றால், அதே சோடா உப்பு இன்று சிறுநீரக நோயாளிக்கே மருந்தாகவும் தரப்படுகிறது. பழுதான சிறுநீரகம் உடலின் அமிலத்தை வெளியேற்ற முடியாமல் திணறும்போது, மருத்துவர் அளந்து தரும் சோடா உப்பு வீழ்ச்சியைத் தாமதப்படுத்துகிறது என்று 134 பேரை வைத்து லண்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2009இல் காட்டியது. திண்ணைப் பிறையில் இருந்து எடுக்கும் கைப்பிடிக்கு இந்த நியாயம் பொருந்தாது. அதிலுள்ள சோடியம் இரத்த அழுத்தத்தை ஏற்றும்.

பிறகு வந்தவை மாத்திரைகள். ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வில் பிறந்த சிமெடிடின் 1976இல் கடைக்கு வந்தது. ஸ்வீடனில் உருவான ஒமெப்ரசோல் 1988இல். அறுவைக் கத்திக்கு ஏறக்குறைய ஓய்வு கிடைத்தது. ஆனால் 1992இலேயே ஒமெப்ரசோல் உண்ட ஒருவருக்குச் சிறுநீரக இடைத்திசு அழற்சி வந்த செய்தி வெளியாயிற்று. 2016இல் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வு ஒன்று, இவ்வகை மாத்திரை உண்பவர்களிடம் நாட்பட்ட சிறுநீரக நோய் கூடுதலாகத் தோன்றுவதைச் சொன்னதும் பத்திரிகைகள் அலறின. 2019இல் 17,598 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பான்டோபிரசோலும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் கொடுத்துப் பார்த்ததில், சிறுநீரக நோயில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. என் எளிய புரிதல் இது: அழற்சி அரிதாயினும் உண்மை, மற்றது இன்னும் வழக்காடு மன்றத்தில் இருக்கிறது. மருத்துவர் எழுதிய மாத்திரையை இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிட வேண்டாம். யாரும் எழுதாமலே பல ஆண்டுகள் விழுங்குகிறவர்கள் வேண்டுமானால் ஒருமுறை போய்க் கேட்கலாம்.

ஆனால் நான் தேடியதற்கான விடை, எதிர்த்திசையில் இருந்தது. நாம் வயிற்றிலிருந்து சிறுநீரகத்துக்கு ஒரு கோடு இழுக்கிறோம். நோய் பலசமயம் சிறுநீரகத்திலிருந்து வயிற்றுக்கு நடக்கிறது. சிறுநீரகம் பழுதானால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. அமிலத்தைத் தூண்டும் காஸ்ட்ரின் என்ற இயக்குநீரை உடலிலிருந்து நீக்குவதில் சிறுநீரகத்துக்குப் பங்குண்டு. அதனால் அதன் அளவு இரத்தத்தில் ஏறுகிறது. யூரியா தேங்கத் தேங்கக் குமட்டல், வாயில் உலோகச் சுவை, காலை வாந்தி. வயிற்றுக்குள் நீர்மம் செலுத்திச் செய்யும் டயாலிசிஸில், உள்ளிருக்கும் அழுத்தமே உண்டதை மேலே தள்ளும். அலுமினியம் கலந்த அமில முறிவு மருந்துகள் இவர்களுக்கு வேறொரு ஆபத்து: வெளியேற வழியற்ற அலுமினியம் மூளையையும் எலும்பையும் பாதிப்பது 1970களில் டயாலிசிஸ் நோயாளிகளிடம் தெரியவந்தது.

பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருந்தன. ஆகவே சோடா உப்பின் மீது பழியைப் போட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. கடைசி இரண்டு ஆண்டுகளில் காலையில் வாந்தி எடுத்தார். பித்தம் என்றார்கள். சோறு கசக்கிறது என்றார். புளிப்பைக் குறைக்கச் சொன்னார்கள். எதுக்களிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் வீட்டில் யாரோ ஒருவர் கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தோம். பாதி நேரம் நான்தான் போனேன். இரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முகம் வீங்கிய பிறகுதான் பார்த்தோம். பிறையில் அந்தத் தகர டப்பா இன்னமும் இருக்கிறது. பெரியம்மா அதில் கடுகு போட்டு வைத்திருக்கிறாள்.