மருத்துவ உள்வைப்புகளில் பூஞ்சை உயிர்ப்படலம்

கதீட்டர், செயற்கை இதய வால்வு, செயற்கை மூட்டு, மூளைநீரை வடிக்கும் ஷன்ட் போன்ற கருவிகளின் மேல் பூஞ்சைகள் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசைப்பொருளுக்குள் கூட்டமாக வளரும் நிலை பூஞ்சை உயிர்ப்படலம் (பயோஃபிலிம்) எனப்படும். இதற்குப் பெரும்பாலும் கேண்டிடா இனங்களே காரணம். ஆஸ்பெர்ஜில்லஸ், ஃபியூசேரியம் ஆகியவையும் சில நேரங்களில் காணப்படுகின்றன. இந்தத் தொற்று அரிதானதுதான். செயற்கை மூட்டுத் தொற்றுகளில் ஏறக்குறைய நூற்றில் ஒன்றே பூஞ்சையால் வருகிறது. ஆனால் வந்துவிட்டால் மருந்தால் மட்டும் போவது கடினம்.

கேண்டிடா அல்பிகன்ஸ் படலத்தின் வளர்ச்சியை 2001இல் வெளியான ஓர் ஆய்வு மணிக்கணக்கில் விவரித்தது. முதல் 11 மணி நேரத்தில் ஈஸ்ட் செல்கள் பரப்பில் ஒட்டித் திட்டுத் திட்டாகப் பெருகுகின்றன. அடுத்து 30ஆம் மணி வரை பசைப்பொருள் சுரந்து பரவுகிறது. 38 முதல் 72 மணிக்குள் ஈஸ்ட் செல்களும் நீண்ட இழைகளும் பின்னிய தடித்த படலம் உருவாகிவிடுகிறது. அதன் முதிர்ந்த பகுதியிலிருந்து பிரியும் செல்கள் ரத்தத்தில் கலந்து கண், சிறுநீரகம், இதயம் என்று போய்ச் சேரும். மருந்து கொடுத்துக் காய்ச்சல் தணிந்த நோயாளிக்கு மறுபடி காய்ச்சல் வருவது இதனால்தான்.

மருந்து ஏன் தோற்கிறது? பசையிலுள்ள பீட்டா குளூக்கான் என்ற சர்க்கரைப்பொருள் ஃப்ளூகோனசோலைப் பிடித்து வைத்துக்கொள்வதால், செல்லுக்குள் போய்ச் சேரும் மருந்தின் அளவு குறைகிறது. செல்கள் தம்முள் வரும் மருந்தை வெளியே தள்ளவும் செய்கின்றன. மிக மெதுவாக இயங்கும் சில செல்கள் எந்த மருந்துக்கும் மடியாமல் தங்கிவிடுகின்றன. எக்கைனோகாண்டின் வகை மருந்துகளும் லிபோசோம் ஆம்போடெரிசின் பி மருந்தும் படலத்தின் மீது ஓரளவு நன்றாக வேலை செய்கின்றன.

இங்கே ஆய்வகத்துக்கு ஒரு பெரிய பொறுப்பு இருக்கிறது. வழக்கமான மருந்து உணர்திறன் சோதனை, திரவத்தில் தனித்தனியாக மிதக்கும் செல்களைத்தான் சோதிக்கிறது. அதில் வேலை செய்யும் என்று தெரிந்த மருந்து, படலத்தின் முன் கைவிட்டுவிடலாம். ஆராய்ச்சியில் 96 குழி பிளாஸ்டிக் தட்டு பயன்படுகிறது. ஒவ்வொரு குழியிலும் கேண்டிடாவை 37 டிகிரியில் ஒரு நாள் வளரவிட்டு, ஒட்டாத செல்களைக் கழுவி நீக்கி, மருந்தைப் படிப்படியாகக் குறைத்து ஊற்றுகிறார்கள். பிறகு எக்ஸ்டிடி என்ற சாயப்பொருளைச் சேர்த்தால், உயிருள்ள செல்கள் இருக்கும் குழி ஆரஞ்சு நிறமாகிவிடும். ஃப்ளூகோனசோல் குழிகளில் அதிக செறிவிலும் அந்த நிறம் மங்குவதில்லை.

நோயாளியின் உடலிலிருந்து எடுத்த உள்வைப்பைச் சோதிக்க வேறொரு முறை உண்டு. கருவியைக் கிருமி நீக்கிய திரவத்தில் இட்டுக் குலுக்கி, மீயொலி அதிர்வில் சில நிமிடம் வைத்து, உதிர்ந்து வரும் கிருமிகளை வளர்க்கிறார்கள். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தொற்றுள்ள செயற்கை மூட்டுகளில் திசு வளர்ப்பு 60.8 சதவீதமும் இந்த முறை 78.5 சதவீதமும் கிருமியைக் கண்டுபிடித்தன. பெரும்பாலும் பாக்டீரியாக்கள்தான் அதில் கிடைத்தன என்றாலும், படலத்தை உரித்தெடுக்கும் வழி பூஞ்சைக்கும் அதுவே. கழற்றிய கருவியைக் கழிவுக்கூடையில் போடாமல் ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் இதில் முதல் படி.

இந்தியாவின் நிலை மேலைநாடுகளிலிருந்து வேறுபட்டது. 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ரத்தக் கேண்டிடா தொற்றுகளில் 41.6 சதவீதம் கேண்டிடா டிராபிகாலிஸ், அல்பிகன்ஸ் 20.9 சதவீதமே. 2009இல் ஜப்பானில் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ், 2013இல் டெல்லி ஆய்வாளர்களின் அறிக்கை வழியாக இந்திய மருத்துவமனைகளிலும் இருப்பது தெரியவந்தது. தோலிலும் கட்டில் கம்பிகளிலும் நெடுநாள் தங்கக்கூடிய இதனை உலக சுகாதார நிறுவனம் 2022இல் மிக ஆபத்தான பூஞ்சைகளின் பிரிவில் சேர்த்தது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மிளகிலுள்ள பைப்பரின் அல்பிகன்ஸ் இழைகளையும் படலத்தையும் தடுப்பதாக 2020இல் வெளியிட்டனர். இது ஆய்வகக் கண்டுபிடிப்பு. மிளகு சாப்பிட்டால் தொற்று தீரும் என்று இதற்குப் பொருளில்லை.

சிகிச்சையின் மையம் கருவியை அகற்றுவதே. பெரிய ரத்தக்குழாயில் செருகிய கதீட்டரை (சென்ட்ரல் லைன்) உடனே எடுக்கலாம். மூட்டு என்றால் எடுத்துவிட்டு, மருந்து கலந்த சிமென்ட் வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, பிறகு புதிதாகப் பொருத்த வேண்டும். வால்வை எடுக்க முடியாத நோயாளிக்கு நெடுங்காலம் மருந்து தொடரும்.

ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதிக்கு இந்த நோய் அயலானதல்ல. மூளை, நரம்பு சிகிச்சைக்கான நிம்ஹான்ஸும் பொம்மசந்திராவின் நாராயணா மருத்துவமனையும் பெங்களூரின் ஓசூர் சாலையில்தான் இருக்கின்றன. ஷன்ட்டும் வால்வும் அங்கே பொருத்திக்கொண்டு, ஓசூர் சிப்காட் குடியிருப்புக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ திரும்புவோர் உண்டு. பூஞ்சைத் தொற்று மெல்ல, வாரங்கள் கழித்து, லேசான வலியாகவோ விட்டுவிட்டு வரும் காய்ச்சலாகவோ தலைகாட்டும். அப்போது அவர்கள் போவது வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவரிடம். ரத்தக் கல்ச்சரோ ஏறக்குறைய பாதி நேரம் கேண்டிடாவைத் தவறவிடுகிறது. அறுவைச் சிகிச்சைக் குறிப்பு ஒரு மாநிலத்திலும் காய்ச்சல் இன்னொரு மாநிலத்திலும் இருந்தால், இரண்டையும் இணைத்துப் பார்ப்பது தாமதமாகும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற மாவட்ட நிலை ஆய்வகங்களில் பூஞ்சைச் சோதனையை வலுப்படுத்துவதே இதற்குச் சரியான வழி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இந்த எல்லைப் பகுதிக்கு இன்னொரு கவலையும் உண்டு. தளி, பாகலூர் பக்கம் பசுமைக்குடில்களில் ரோஜா வளர்க்கும் நிலம் இது. பூச்செடிகளின் நோய்க்குத் தெளிக்கப்படும் அசோல் பூஞ்சைக்கொல்லிகள், மருத்துவத்தில் பயன்படும் ஃப்ளூகோனசோல் போன்ற அசோல்களின் உறவுப் பொருட்கள். அசோலுக்கு அடங்காத ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் இந்தியச் சுற்றுச்சூழல் மாதிரிகளில் இருப்பதை 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. ஓசூர் ரோஜாத் தோட்டங்களின் மண்ணையும் மருத்துவமனையில் கிடைக்கும் ஆஸ்பெர்ஜில்லஸையும் சேர்த்து ஆராய்வது பயனுள்ளது. ஏனெனில் ஆஸ்பெர்ஜில்லஸ் தொற்றுக்கு முதலில் தரப்படும் வோரிகோனசோலும் ஓர் அசோல்தான்.