முட்டையைத் தின்னும் ஏஞ்சலும் நம் களப்பு மஞ்சள் கொரலியாவும்

"சேர், முட்டை போடுது. விடிஞ்சு பார்த்தா ஒண்டும் இல்ல. தாயே திண்டுட்டுது."

பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு மீன்தொட்டி வாங்கிக் கொடுத்த வாப்பாமார் பலர் இதை என்னிடம் சொல்லிவிட்டார்கள். பெரும்பாலும் ஏஞ்சல் மீன்தான். நான் வரலாறு படிப்பிக்கிறவன், மீனுக்கு வைத்தியம் சொல்கிறவன் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு வரலாறு இருக்கிறது. நம் நாட்டுக் களப்பு மீன் ஒன்றுக்கும் அதில் பங்கு உண்டு. நம்மில் பலருக்கு அது தெரியாது என்பதால்தான் இந்த நீண்ட பதிவு.

ஏஞ்சல், டிஸ்கஸ், ஒஸ்கார், நாம் சமைக்கும் திலாப்பியா எல்லாம் சிக்லிட் என்ற ஒரே குடும்பம். ஆபிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இவை ஏராளம். ஆசியாவில் மிகக் குறைவு. மேற்காசியாவில் சில, இந்தியாவில் மூன்று இனம். அந்த மூன்றில் இரண்டு இலங்கையிலும் உண்டு. ஒன்று சந்தையில் கிடைக்கும் பெரிய கொரலியா, மற்றது உள்ளங்கைக்குள் அடங்கும் மஞ்சள் கொரலியா. சிங்களத்தில் கஹ கொரலியா என்பார்கள். உடலின் நடுவே கறுப்புப் பொட்டு ஒன்று இருக்கும். அநேக மீன்கள் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தம் வழியில் போய்விடும். சிக்லிட் அப்படியல்ல. முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும். சில இனங்கள் வாய்க்குள்ளேயே வைத்து வளர்க்கும். இவ்வளவு பாசமுள்ள மீன் ஏன் முட்டையைத் தின்கிறது என்பதுதான் நம் வாப்பாமாரின் கேள்வி.

அமேசன் ஆற்றிலிருந்து உயிருள்ள ஏஞ்சல் மீன்கள் 1909இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தன. அந்தக் காலத்து மீன்தொட்டிக்கு மின்சூடாக்கி கிடையாது. அடியில் விளக்கை எரியவிட்டுத் தண்ணீரைச் சூடாக்கி, அந்தக் குளிர் நாட்டில் வெப்பநாட்டு மீனை உயிரோடு வைத்திருந்தார்கள். இரண்டொரு வருடத்திலேயே அங்கே ஏஞ்சல் முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தது. அதோடு தாயும் தகப்பனும் முட்டையைத் தின்னும் தொல்லையும் தொடங்கியது.

வளர்ப்பாளர்கள் கண்ட வழி சுலபமானது. முட்டை ஒட்டியிருக்கும் இலையையோ கல்லையோ எடுத்து வேறு தொட்டியில் வைப்பது. தகப்பன் செட்டையால் விசிறுவதற்குப் பதிலாகக் காற்றுக் குமிழி விடுவது. பூஞ்சை பிடிக்காமல் இருக்க நீல மருந்து கலப்பது. குஞ்சுக்கு என்ன கொடுப்பது என்ற சிக்கலும் 1933இல் தீர்ந்தது. சான் பிரான்சிஸ்கோ ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தின் ஆல்வின் சீல், உப்புநீரில் வாழும் ஆட்டீமியா என்ற சின்னஞ்சிறு உயிரி மீன்குஞ்சுகளுக்கு நல்ல உணவு என்று எழுதினார். (அந்த ஆட்டீமியா நம் புத்தளம் உப்பளங்களிலும் இருக்கிறது.) பிறகு கேட்கவா வேண்டும்? ஏஞ்சல் பண்ணைச் சரக்காகிவிட்டது. இன்று கடையில் பொலித்தீன் பைக்குள் விற்கும் ஏஞ்சலின் பல தலைமுறைகள் பெற்றாரைக் கண்டதே இல்லை. அதனால்தான் அவற்றுக்குப் பிள்ளை வளர்க்கும் பழக்கம் மங்கிவிட்டது என்று அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

அதே காலத்தில் வேறு சிலர் முட்டையை எடுக்காமல், தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஒஸ்திரியாவின் கொன்ராட் லோரென்ஸ் அவர்களில் ஒருவர். விலங்குகளோடு தாம் பழகியதைப் பற்றி 1949இல் அவர் எழுதிய புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்புக்கு சுலைமான் நபியின் மோதிரம் என்றே பெயர் வைத்தார்கள். அதில் அவர் சொல்லும் சம்பவம் இது. ஆபிரிக்கச் சிக்லிட் ஒன்று, அந்தி நேரத்தில் வழிதவறிய குஞ்சுகளை வாயால் கவ்விக்கொண்டு வந்து கூட்டில் சேர்க்கிறது. லோரென்ஸ் புழுவைப் போடுகிறார். தகப்பன் மீன் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும்போதே தனியே அலையும் குஞ்சு ஒன்றைக் காண்கிறது; ஓடிப்போய் அதையும் வாய்க்குள் எடுத்துவிடுகிறது. ஒரே வாய்க்குள் விழுங்க வேண்டியதும் இருக்கிறது, விழுங்கக் கூடாததும் இருக்கிறது. மீன் அப்படியே அசையாமல் நின்றதாம். பிறகு இரண்டையும் துப்பிவிட்டு, குஞ்சின் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே புழுவைத் தின்று முடித்து, குஞ்சைக் கவ்விக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்ததாம்.

முட்டையை எடுத்துவிடும் வைத்தியம் டிஸ்கஸ் மீனிடம் பலிக்கவில்லை. ஏஞ்சலுக்குச் செய்ததையே இதற்கும் செய்தார்கள். குஞ்சு பொரித்தது, நீந்தியது, பிறகு ஆட்டீமியா கண்முன்னே மிதக்கப் பட்டினியால் செத்தது. காரணத்தை 1959இல் ஹில்டெமன் என்ற அமெரிக்க விஞ்ஞானி விளக்கமாக எழுதினார். டிஸ்கஸ் குஞ்சுகளுக்கு முதல் உணவு தாய் தகப்பனின் தோலில் ஊறும் வழுவழுப்பான சளி. ஒருவர் களைத்தால் உடலைச் சட்டென்று அசைத்து மற்றவரிடம் குஞ்சுகளை மாற்றிவிடுவார். பெற்றாரை எடுத்துவிட்டால் குஞ்சுக்குச் சாப்பாடே இல்லை. (புளோரிடாவின் ஜாக் வாட்லி முட்டைப் பொடியைக் குழைத்துக் கிண்ணத்தின் ஓரத்தில் பூசிக் குஞ்சுகளை வளர்த்துக் காட்டினார். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது.) வேறெந்த மீனிலும் காணாத பழக்கம் என்ற பொருள்படவே ஹில்டெமன் தம் கட்டுரைக்குத் தலைப்பு வைத்திருந்தார்.

அந்தப் பெருமை எட்டு வருடம்தான் நீடித்தது. 1967இல் ஜாக் வார்டும் ஜோர்ஜ் பார்லோவும் வெளியிட்ட ஆய்வில், குஞ்சுகள் பெற்றாரின் உடலில் உரசி உரசிப் போகும் இன்னொரு சிக்லிட் பற்றி எழுதினார்கள். அது நம் மஞ்சள் கொரலியா! டிஸ்கஸ் போல அதன் குஞ்சுகள் இந்தச் சளியை மட்டும் நம்பி இருப்பதில்லை, வேறு உணவும் தின்னும். ஆனால் பெற்றாரோடு விட்ட குஞ்சு தேறிவரும். 1972இல் வைமனும் வார்டும் இன்னொன்றைக் கண்டார்கள். சிறிய மஞ்சள் கொரலியாக்கள் பெரிய கொரலியாவின் உடலைக் கொத்திச் சுத்தம் செய்கின்றன. பிறகு அமெரிக்கத் தொட்டியை விட்டு மீனின் சொந்த ஊரையே தேடி வந்து, 1977இல் இலங்கையில் இவ்விரு இனங்களும் வாழும் விதம் பற்றி எழுதினார்கள். 1981இல் நம் நாட்டு விஞ்ஞானி ஜயம்பதி சமரகோன் வார்டுடன் சேர்ந்து இவற்றின் இனப்பெருக்கம் பற்றி எழுதினார். சுத்தம் செய்யும் சின்ன மீனே சந்தர்ப்பம் கிடைத்தால் பெரிய கொரலியாவின் முட்டையையும் தின்றுவிடும் என்பதும் தெரியவந்தது. அயல்வீட்டு உறவு போலத்தான்.

இவ்வளவு புகழ் பெற்ற மீனுக்கு நம் கடைகளில் மதிப்பில்லை. களப்பிலிருந்து வலையில் வந்தால் சிறிசு என்று எறிந்துவிடுகிறோம். ஆபிரிக்க மீனுக்குக் காசை எண்ணிக் கொடுக்கிறோம்.

நான் வாசித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன். சோடியை நீங்கள் தெரிவு செய்யாதீர்கள். ஆறேழு சிறு மீன்களை ஒன்றாக வளர்த்தால் அவையே சோடி சேரும். மற்றவற்றை அப்புறப்படுத்துங்கள். ஒரு தட்டையான கல், அல்லது சரித்து வைத்த பூச்சாடி போதும். மஞ்சள் கொரலியா என்றால் தண்ணீரில் சிறிது உப்பு கலந்திருப்பது நல்லது, களப்பு மீன்தானே. முட்டையிட்ட பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் பிள்ளைகள் கூடிக் கண்ணாடியைத் தட்ட விடாதீர்கள். பயந்த மீன்தான் அதிகம் தின்னும். முதல் தடவை தின்றாலும் சோடியைப் பிரிக்க வேண்டாம். இளம் சோடிகள் இரண்டு மூன்று முறை கெடுத்துவிட்டுத்தான் பழகும். முட்டை எல்லாமே வெள்ளையாகிவிட்டால் அது கருக்கட்டாத முட்டை. ஏஞ்சலில் இரண்டு பெண் மீன்கள் சோடியாகி முட்டையிடுவதும் உண்டு.

திலாப்பியாவுக்கு இதெல்லாம் தேவையில்லை. ஆபிரிக்காவிலிருந்து ஜாவாவுக்கு எப்படியோ வந்து, அங்கே முஜாயிர் என்ற கிராமத்து மனிதர் 1930களில் பிடித்து வளர்த்து, இந்தோனேசியாவில் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படும் மீன் அது. 1950களின் தொடக்கத்தில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. சிங்கள மக்கள் அதை ஜப்பான் கொரலி என்றார்கள். இது கொரலியாவின் சொந்தக்காரன் என்று எந்தப் புத்தகமும் பார்க்காமலே கண்டுகொண்டார்கள். குளத்துக்குள் விட்ட பிறகு அதை யாராலும் திருப்பி எடுக்க முடியவில்லை. திலாப்பியாவாவது ஏழை வீட்டுச் சட்டிக்கு உதவியது. தொட்டியிலிருந்து தப்பிய 'டேங்க் கிளீனர்' நம் ஆறு குளங்களில் பெருகி வலைகளைத்தான் கிழிக்கிறது.

ஆகவே குஞ்சு பெருகித் தொட்டி நிரம்பினால் ஆற்றிலோ குளத்திலோ ஊற்றிவிட வேண்டாம். கடைக்காரரிடம் கொடுங்கள், தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். மஞ்சள் கொரலியா என்றால் எனக்கும் ஒரு சோடி எடுத்து வையுங்கள். எங்கள் ஆய்வுகூடத்துத் தொட்டி போன தவணையிலிருந்து வெறுமையாகத்தான் கிடக்கிறது.